பூந்தொட்டி வாடாத வளாகம்

கெடு முடிய எழுபத்தொரு மணி நேரம் இருந்தது.

திங்கட்கிழமை காலை பத்து மணி. வியாழன் காலை ஒன்பதுக்குள் சிற்றாற்றுப் பல்கலைக்கழகம் தன் மேம்பாட்டுத் திட்டத்தை வசதி வாரியத்துக்கு அனுப்பியாக வேண்டும். விட்டால் அடுத்த வாய்ப்பு ஐந்து வருடம் கழித்து. துணைவேந்தர் அறையில் திட்டக் குழு கூடியிருந்தது. வடிவு கதவை ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எந்தக் கூட்டத்திலும் அவளுக்கு அதுதான் இடம். பேச வேண்டி வந்தால் எழுந்து போய்விடலாம் என்ற தைரியத்தில்தான் அவள் கூட்டங்களுக்கே வருவாள்.

அவளுக்கு வேண்டியது நாற்பது மைக்ராஸ்கோப். விலங்கியல் ஆய்வகத்தில் பதினொன்று இருந்தன. நான்கில் விளக்கு எரியாது. மிச்சமுள்ள ஏழின் முன்னால் முப்பத்தெட்டுப் பிள்ளைகள் வரிசை கட்டி நிற்பார்கள். ஆளுக்கு மூன்று நிமிடம். அமீபா நகர்வதற்குள் பிள்ளைகள் நகர்ந்துவிட வேண்டும். "அக்கா, இன்னும் ஒரு நிமிசம்க்கா" என்று கெஞ்சுகிறவர்களைத் தோளில் தட்டி நகர்த்துவது வடிவின் வேலை. அது பிடிக்காமல்தான் ஒன்பது மாதம் உட்கார்ந்து ஒரு திட்டம் எழுதினாள். அந்தப் பக்கங்கள் இப்போது மேசை மேல் முதலாவதாக இருந்தன.

"வாரியம் காகிதத்தை நம்புறதில்ல மேடம்," என்றார் ஞானதாசன். இயற்பியல் பேராசிரியர், திட்டக் குழுவின் ஒருங்கிணைப்பாளர். பதற்றம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். ஆகவே அவர் கண்ணாடி எப்போதும் பளிச்சென்றிருக்கும். "ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் காலேஜுக்கும் அவங்ககிட்ட ஒரு நிழல் வளாகம் இருக்கு. செங்கல் செங்கலா நம்மளையே கம்ப்யூட்டருக்குள்ள கட்டி வச்சிருக்காவ. அதுக்குள்ள நிழல் பிள்ளையள விட்டு அஞ்சு வருசம் படிக்க வச்சுப் பாப்பாவ. எங்க திணறுதுகளோ அங்க வசதி தருவாவ."

"அதுக்கு அஞ்சு வருசம் காத்திருக்கணுங்களா?" என்றார் துணைவேந்தர்.

"நாலு நிமிசம் மேடம்."

துணைவேந்தர் சிவகாமசுந்தரி கோயம்புத்தூர்க்காரர். வந்து எட்டு நாள்தான் ஆகிறது. சுவர்த் திரையில் நிழல் வளாகம் விரிந்ததும் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முன்னால் வந்தார். சந்தன நிறத்தில் சுவர்கள் மின்னின. முகப்புச் சாலையின் இரண்டு பக்கமும் நானூறு பூந்தொட்டிகளில் செவ்வந்தி பூத்துக் குலுங்கியது.

"ஏனுங்க, இது நம்ம யுனிவர்சிட்டிதானுங்களா?"

"ஆமா மேடம்."

"இந்தப் பூந்தொட்டியெல்லாம் எங்கீங்க? நான் ஒண்ணுகூடப் பார்க்கலியே?"

அலுவலகக் கண்காணிப்பாளர் ஆவுடையப்பன் தொண்டையைச் செருமினார். முப்பது வருட வேலையில் மேலதிகாரி யாரிடமும் "இல்லை" என்ற சொல்லை அவர் உச்சரித்ததே கிடையாது.

"வெயிலுக்கு உள்ள எடுத்து வச்சிருக்கும்மா."

அதற்குள் நிழல் பிள்ளைகள் ஓடத் தொடங்கிவிட்டார்கள். இரண்டாயிரத்து நானூறு பேர். படித்தார்கள், பரீட்சை எழுதினார்கள், மரத்தடியில் காதலித்தார்கள், பட்டம் வாங்கிக்கொண்டு கைதட்டலோடு போனார்கள். நாலாவது நிமிடம் முடிவு வந்தது. மாணவர் மனநிறைவு: தொண்ணூற்றெட்டு சதவீதம். தேவைப்படும் மேம்பாடு: எதுவுமில்லை. அதற்குக் கீழே இன்னொரு வரி: 'விலங்கியல் ஆய்வகத்தில் உபரி மைக்ராஸ்கோப் 96. வாரியத்தின் லாரி புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு வந்து எடுத்துக்கொள்ளும்.'

ஞானதாசன் கண்ணாடியைக் கழற்றினார்.

"உபரியா?" என்றாள் வடிவு. அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"நிழல் பிள்ளைகிட்டயே கேளும்மா," என்று அவர் ஒலிவாங்கியை அவள் பக்கம் தள்ளினார். "உன் துறைல்லா."

திரையில் ஒரு மாணவி வந்து நின்றாள். இரட்டைச் சடை, இஸ்திரி கலையாத சுடிதார்.

"உனக்கு ஆய்வகத்துல என்ன குறை?" என்று கேட்டாள் வடிவு.

"குறையே இல்ல மேடம். ஆளுக்கு மூணு மைக்ராஸ்கோப். அதுபோக இருபது சும்மா கிடக்கு."

"கேன்டீன்?"

"கேசரி மேடம். முந்திரி போட்டது."

"தினமுமா?"

"அஞ்சு வருசமா மேடம்."

"சலிக்கலையா?"

"சலிக்கிறதுன்னா?" என்று கேட்டது நிழல்.

வடிவுக்கு ஏதோ பொறி தட்டியது. "இன்னைக்கு என்ன கிழமை?"

"வியாழக்கிழமை மேடம்."

"நேத்து?"

"வியாழக்கிழமை. நாளைக்கும் வியாழக்கிழமைதான் மேடம். உங்க வகுப்பு இருக்கு. உங்க வகுப்புன்னா எங்களுக்கு உயிர்."

வடிவு ஒலிவாங்கியை அணைத்தாள். காது மடல் சுட்டது.

துணைவேந்தர் கையைக் கட்டிக்கொண்டார். "இப்பச் சொல்லுங்க ஞானதாசன். எந்த வியாழக்கிழமைங்க அது?"

ஞானதாசன் துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார். மூன்று வருடம் முன்பு தர ஆய்வுக் குழு வந்த வியாழக்கிழமை. வளாகம் கூட்டிப் பெருக்கி எல்லாரும் ஓரிடத்தில் இருக்கும் நாள் என்பதால் வாரியமும் படமெடுக்கும் கருவிகளை அன்றைக்கே பறக்கவிட்டது. ஒவ்வொரு அறையையும் ஒவ்வொரு அலமாரியையும் அவை அளந்துகொண்டு போயின.

"அன்னைக்கு நம்ம வளாகம் கொஞ்சம்... நல்லா இருந்துச்சு மேடம்."

"எவ்வளவு நல்லாங்க?"

"நூத்தி முப்பத்திநாலு மைக்ராஸ்கோப் இருந்துச்சு."

"நம்மளது?"

"பதினொண்ணு. மத்தது நட்பு முறையில வந்தது."

ஆவுடையப்பனுக்கு அதை விளக்குவதில் ஒரு பெருமை இருந்தது. எந்தக் கல்லூரிக்கு ஆய்வுக் குழு வந்தாலும் சுற்றிலும் உள்ள கல்லூரிகள் கொடுத்து உதவும். அதுதான் இந்த வட்டாரத்தின் வழக்கம். எதுவும் மாறிப்போய்விடாமல் இருக்க அடியில் நகப்பூச்சால் ஒரு பொட்டு. "நம்மளது செவப்பு மேடம். மலையடிவாரக் காலேஜு பச்சை. ஆத்தங்கரைக் காலேஜு ஊதா. இத்தனை வருசத்துல ஒரு பொருள் மாறினதில்ல, பாத்துக்கிடுங்க."

துணைவேந்தர் நெற்றியைத் தேய்த்தார். "அப்ப புதன்கிழமை லாரிக்கு எதைங்க ஏத்தறது?"

"அதையும் நட்பு முறையிலயே பாத்துக்கிடலாம்மா," என்றார் ஆவுடையப்பன்.

செவ்வாய்க்கிழமை காலை முழுக்க அவர் தொலைபேசியோடு கிடந்தார். கெடுவுக்கு நாற்பத்தாறு மணி நேரம் இருந்தபோது குழு மறுபடி கூடியது. மலையடிவாரக் கல்லூரிக்கு அவர் கடைசி அழைப்பைப் போட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தார்.

"அண்ணாச்சி! நானே உங்கள கூப்பிடணும்னு இருந்தேன்," என்றது அந்தப் பக்கத்துக் குரல். "உங்ககிட்ட ஒரு அறுபது மைக்ராஸ்கோப் கெடைக்குமா?"

"ஏல, நான் உங்கிட்ட கேக்கத்தாம்ல கூப்பிட்டேன்."

"உங்களுக்கும் லாரி வருதா?"

"வருதுல்லா. ஆத்தங்கரைக்கு?"

"அவனுக்கும் வருது. அவனுக்கு எழுபதாம். எல்லாம் நம்ம பச்சைப் பொட்டும் உங்க செவப்புப் பொட்டுந்தான் அண்ணாச்சி. அந்த மாசம் இதுக எங்கெல்லாம் போச்சோ அங்கெல்லாம் படம் புடிச்சிருக்கான். ஏழு காலேஜு! எல்லாருகிட்டயும் உபரியாம்!"

முதலில் சிரித்தது வடிவு. சத்தமில்லாமல் தோள் மட்டும் குலுங்கியது. அதைப் பார்த்த துணைவேந்தருக்கு அடக்க முடியவில்லை. அவர் வாய்விட்டுச் சிரித்ததும் தொலைபேசியின் அந்தப் பக்கமும் சிரித்தது. ஞானதாசன் சிரிப்பில் கண்ணாடியைக் கீழே போட்டார். ஆவுடையப்பன் மட்டும், "என்னத்துக்குச் சிரிக்கிய? நாளைக்கு லாரி வருதும்மா, லாரி!" என்று மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு செய்யலாம் மேடம்," என்றார் ஞானதாசன் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஏழு காலேஜும் பேசி வச்சுக்கிடுவோம். லாரி வெறும் லாரியாவே சுத்தட்டும். அனுப்பினோம்னு நாம எழுதிக் கொடுப்போம், கெடைச்சுதுன்னு அவங்க எழுதிக் கொடுப்பாவ."

"அப்ப நம்ம பிள்ளைக அமீபாவ எதுலீங்க பார்க்கறது? எழுதிக் கொடுத்த காகிதத்துலீங்களா?"

சிரிப்பு நின்றது. வடிவு தன் பையிலிருந்து வாரியத்தின் விதிப் புத்தகத்தை எடுத்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். கூட்டத்தில் பேசாதவர்களுக்குப் படிக்க நேரம் நிறையக் கிடைக்கும். அவள் இரண்டு முறை படித்திருந்தாள். நூற்றெண்பதாம் பக்கத்தைத் திறந்து துணைவேந்தர் முன்னால் நகர்த்தினாள்.

"திருத்த விசாரணை," என்று வாசித்தார் அவர். "நிழல் வளாகம் ஒவ்வொண்ணாக் கேட்கும். பல்கலைக்கழகத்து ஆள் வாயால பதில் சொல்லணும். காகிதம் செல்லாது. தானா முன்வந்து இல்லைன்னு சொன்ன பொருளுக்குத் தண்டனை கிடையாது." அவர் நிமிர்ந்தார். "இதை ஏன் வடிவு நேத்தே காட்டலை?"

வடிவு புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். விசாரணைக்கு ஐந்து பகுதிகள்: சாலை, கட்டடம், நூலகம், ஆய்வகம். கடைசிப் பகுதி, ஆட்கள். பொருளுக்குத் தண்டனை இல்லை என்று விதி தெளிவாகச் சொன்னது. ஆட்களைப் பற்றி ஏதாவது சொல்லியிருக்கிறதா என்று அவள் நேற்று சாயங்காலம் மூன்று முறை தேடிவிட்டாள். ஒன்றுமில்லை. அவள் வாயிலிருந்து வர வேண்டிய பதில் ஒன்று அந்தப் பகுதியில் இருந்தது. அதைச் சொன்னால் மதியம் இரண்டு மணி வகுப்பு அவள் கையை விட்டுப் போய்விடும். அந்த ஐம்பது நிமிடத்துக்காகத்தான் அவள் தினமும் இரண்டு பேருந்து மாறி வருகிறாள்.

புதன்கிழமை லாரி சொன்னபடி பதினொரு மணிக்கே வந்துவிட்டது. ஏற்ற ஒன்றுமில்லை என்றதும் ஓட்டுநர் மேலே ஏறி வந்து அறை வாசலில் நின்றுகொண்டார். "இது ஏழாவது காலேஜு. ஏழுலயும் டீ மட்டுந்தான் கொடுத்தாவ," என்றார் யாரிடமும் கோபமில்லாமல். கெடுவுக்கு இருபத்தொரு மணி நேரம். திரையின் ஒரு மூலையில் வாரியத்தின் அலுவலர் ரெஹானா தெரிந்தார். மீதியில் நிழல் வளாகம் செவ்வந்தியோடு ஜொலித்தது.

"நான் கேட்கிறதுக்கு மட்டும் பதில் சொன்னால் போதும்," என்றார் ரெஹானா. "முழுசாகச் சொன்னால்தான் முழுசாகக் கிடைக்கும். ஆரம்பிக்கலாமா? முகப்புச் சாலை. பூந்தொட்டி நானூறு. இருக்கிறதா?"

எல்லாரும் ஆவுடையப்பனைப் பார்த்தார்கள். அவர் வாயைத் திறந்தார். "வெயிலுக்கு..." என்று தொடங்கி, துணைவேந்தர் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

"இல்ல."

திரையில் நானூறு தொட்டிகளும் ஒரே கணத்தில் மறைந்தன. ஆவுடையப்பன் ஓரடி பின்வாங்கினார். பிறகு மெல்லச் சிரித்தார். முப்பது வருடமாக நெஞ்சில் அடைத்திருந்த ஏதோ ஒன்று இறங்கியது போல அவர் முகம் இளகியது.

"இன்னொண்ணு கேளும்மா!"

"சுவர் வண்ணம்?"

"முன்பக்கம் மட்டும்! பின்னால பாசிதான்!"

"நிர்வாகக் கட்டட மின்தூக்கி?"

"கதவு உண்டு. தொறந்தா செவுரு!"

"நூலக மாடி, முப்பதாயிரம் புத்தகம்?"

"முன்வரிசை புத்தகம். பின்னாடி தெர்மாகோல்!" இது ஞானதாசன். பதற்றத்தில் அவர் இரண்டு கையையும் தூக்கிவிட்டிருந்தார்.

"கேன்டீன் கேசரி?"

"உப்புமா!" என்று அறையே கத்தியது. லாரி ஓட்டுநரும் சேர்ந்துகொண்டார்.

ஒவ்வொரு "இல்ல"வுக்கும் மனநிறைவு சரிந்தது. தொண்ணூறு, எழுபத்தொன்று, ஐம்பத்தாறு. நிழல் பிள்ளைகள் குழாயடியில் கூடி முணுமுணுத்தார்கள். ஒருத்தன் உப்புமாத் தட்டோடு அலுவலகத்துக்குப் புறப்பட்டான். இரட்டைச் சடைக்காரி நாட்காட்டியைப் பார்த்துக் கூவினாள்: "வெள்ளிக்கிழமைடி! வெள்ளிக்கிழமை வந்துட்டு!" அறையில் எல்லாரும் கைதட்டினார்கள். துணைவேந்தர் சிரித்துச் சிரித்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வகுப்பறைத் தொகுதி. சக்கர நாற்காலி ஏறும் சாய்தளம்?"

"பிளைவுட்," என்றார் ஆவுடையப்பன் அதே வேகத்தில். "அன்னைக்குச் சாயங்காலமே கழட்டியாச்சு."

துணைவேந்தர் முந்தானையை இறக்கினார். "அதுக்கப்புறம் யாராச்சும் பிள்ளைக்கு அது வேண்டியிருந்துச்சுங்களா?"

"ரெண்டு பேரு சேந்தாவ." ஆவுடையப்பன் குரல் இறங்கியது. "ஒரு மாசத்துல நின்னுட்டாவ."

ரெஹானா அதைக் குறித்துக்கொண்டார். திரையில் ஒரு நிழல் பிள்ளை படிக்கட்டின் கீழே சக்கர நாற்காலியில் அண்ணாந்து பார்த்தபடி நின்றது. அடுத்த கேள்விகளுக்கும் பதில்கள் வேகமாகத்தான் வந்தன. கும்மாளம் மட்டும் குறைந்திருந்தது.

"விலங்கியல் ஆய்வகம். மைக்ராஸ்கோப் நூற்று முப்பத்துநான்கு?"

"பதினொண்ணு," என்றாள் வடிவு. எழுந்து நின்றிருந்தாள். "அதுல எரியறது ஏழு."

திரையில் மேசைகள் காலியாயின. ஏழு கருவிகளின் பின்னால் வரிசை நீண்டது. நிழல் பிள்ளைகள் ஒருவரையொருவர் தோளில் தட்டி நகர்த்தினார்கள். நாலு நிமிடத்துக்கெல்லாம் முடிவு வந்தது: நாற்பது புதிய மைக்ராஸ்கோப், அனுமதி. கூடவே சாய்தளம், நூலகம், மின்தூக்கி.

ஞானதாசன் வடிவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ஜெயிச்சுட்ட தாயி!" ஆவுடையப்பன் லாரி ஓட்டுநரைக் கட்டிக்கொண்டார். துணைவேந்தர், "எல்லாருக்கும் கேசரி சொல்லுங்க, நிஜக் கேசரி!" என்றார். வடிவுக்குத் தரையில் கால் பாவவில்லை. நாற்பது. பிள்ளைகளில் யாரையும் இனி நகர்த்த வேண்டாம்.

"ஒரு பகுதி பாக்கி இருக்கிறது," என்றார் ரெஹானா. "ஆட்கள். விலங்கியல் துறை. முப்பத்தெட்டு மாணவர், ஓர் ஆசிரியர். நாற்பது பேருக்கு ஒருவர் என்பதுதான் விதி. ஆகவே புதிய பணியிடம் தேவையில்லை. முனைவர் சு. வடிவு, உதவிப் பேராசிரியர். இருக்கிறாரா?"

துணைவேந்தர் சிரித்தார். "இதென்னங்க கேள்வி, முன்னாலயே நிக்கறாங்களே!"

ஞானதாசன் கண்ணாடியைக் கழற்றித் தரையைப் பார்த்தார். ஆவுடையப்பன் வடிவை ஒரு கணம் பார்த்துவிட்டுத் திரையின் பக்கம் திரும்பினார். இத்தனை நேரம் "இல்ல, இல்ல" என்று கூவிய வாய் மென்மையாகச் சொன்னது: "இருக்காவம்மா. எழுதிக்கிடுங்க."

"சம்பந்தப்பட்டவர் குரலில் வேண்டும்," என்றார் ரெஹானா.

இருக்கேன் என்று ஒரு சொல். நாற்பது மைக்ராஸ்கோப்பும் வரும், இரண்டு மணி வகுப்பும் இருக்கும். திரையில் இரட்டைச் சடைக்காரி நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். போன வாரம் நிஜ வகுப்பில் ஒரு பெண், அமீபாவுக்குத் தான் இரண்டாகப் பிரியப்போவது எப்படித் தெரியும் என்று கேட்டிருந்தாள். நாளைக்குச் சொல்லுதேன் என்றாள் வடிவு. வீட்டில் இருந்த மூன்று புத்தகங்களையும் புரட்டியாயிற்று. அந்த நாளைக்கு இன்னும் வரவில்லை. இப்போது இருக்கேன் என்று சொல்லிவிட்டால் அது ஐந்து வருடத்துக்கு வரவே வராது. முப்பத்தெட்டு பேரும் புத்தம் புதிய கருவிகளில் எல்லாவற்றையும் தெளிவாகப் பார்ப்பார்கள். பார்த்தது என்னவென்று சொல்ல ஆள் இருக்காது.

கதவு பக்கத்தில்தான் இருந்தது. வடிவு அதற்கு முதுகைக் காட்டித் திரையின் முன்னால் போய் நின்றாள்.

"அப்படி ஒரு ஆளே கிடையாது, மேடம்," என்றாள். இந்த முறை அவள் குரல் எல்லாருக்கும் கேட்டது. "நான் பி.எஸ்சி. ஆய்வக உதவியாளர். அன்னைக்கு எனக்குச் சேலை கட்டி, பேருக்கு முன்னால டாக்டர்னு அட்டை குத்தி உக்கார வச்சாவ. பொறவு பாடம் எடுக்க ஆளில்லாம நானே எடுக்கேன். மூணு வருசமா விலங்கியலுக்கு வாத்தியாரே இல்ல."